அந்த வாத்து என்ன ஆளுங்க?

எங்கள் ஓலைப்பாக்கத்தில் யாரும் ஜாதி பார்ப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏதாவது காதில் விழுந்து நீங்கள் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. நாங்கள் விசாரிப்போம், அவ்வளவுதான். புதிதாக ஒருத்தர் பஸ்ஸை விட்டு இறங்கினால் வாங்க என்போம், உட்காருங்க என்போம், டீ சொல்வோம், அந்த டீ ஆறுவதற்குள் சொந்த ஊர் எது, அந்த ஊரில் எந்தத் தெரு, தெருவில் கோயிலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவீர்களா பொங்கலோடு சரியா, தாய்மாமனை வீட்டில் என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று சிரித்த முகத்தோடு ஒவ்வொன்றாகக் கேட்போம். பதில் வரவர எங்கள் முகம் மலரும், இல்லாவிட்டால் டீயோடு சொன்ன வடையை வேண்டாமென்று கடைக்காரருக்குக் கைகாட்டுவோம். இந்த வித்தையில் கரைகண்டவர் கல்யாணத் தரகர் சம்பந்தம். பாங்கிக்கு மாற்றலாகி வந்த ஒரு மேனேஜர் எதற்கும் பிடி கொடுக்காமல் சிரித்தே மழுப்பிக்கொண்டிருந்தார். சம்பந்தம் நேரே அவர் வீட்டு வாசலில் போய் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டு, கொடுத்த சொம்பையும் கொடுத்த கையையும் கொடுத்த விதத்தையும் பார்த்துவிட்டு வந்து, எங்களிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அன்றிலிருந்துதான் நாங்கள் மேனேஜருக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்தோம்.

நான் குணாளன். மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் என் குழாய் ஸ்பீக்கர்தான். ஊரில் எவன் எதைப் பேசினாலும் அது என் வயர் வழியாகத்தான் போக வேண்டும், ஆகையால் இந்தக் கதையை என்னைவிட ஒழுங்காகச் சொல்ல இங்கே ஆளில்லை.

போன வருஷம் மார்கழியில், தலையில் துண்டைச் சுற்றாமல் வெளியே கால் வைக்க முடியாத ஒரு பனிக் காலையில், எங்கள் பெரிய ஏரியில் ஒரு கறுப்பு வாத்து வந்து உட்கார்ந்தது. அது உட்கார்ந்த கையோடு ஏரி கடலாகிவிட்டது. கடலென்றால் கடலேதான். அலை வந்து கரையை அறைந்தது, நுரை பூத்தது, உப்புக்காற்று அடித்தது, காலையில் ஏறின தண்ணீர் மதியம் இறங்கி சாயந்தரம் மறுபடியும் ஏறி கரையோர அய்யனார் கோயில் மண்குதிரையின் குளம்பை நனைத்துவிட்டுத் திரும்பியது. எங்களுக்கும் கடலுக்கும் பஸ்ஸில் அரைநாள் பயணம். அத்தனை தூரத்தை ஒரு வாத்து எப்படி இழுத்துக்கொண்டு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சொந்தக்காரர் வந்தால் பையில் என்ன கொண்டுவந்திருக்கிறார் என்று பார்ப்போமே தவிர, எப்படித் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்றா கேட்போம்?

மீன் குத்தகைக்காரர் மட்டும் தன் விராலும் கெண்டையும் போச்சே என்று மதியம்வரை வாத்தின் பரம்பரையையே திட்டினார். மதியத்துக்கு மேல் வலையில் சங்கராவும் கிழங்கானும் விழுந்ததும் வாயை மூடிக்கொண்டு தராசைத் துடைத்தார். ஒரு வாரத்துக்குள் கரைமேல் சுண்டல் வந்தது, மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்ப் பத்தை வந்தது, பலூன் சுடுகிற பலகை வந்தது, எங்கிருந்தோ ஒரு குதிரையும் வந்து முதுகில் ஆளை ஏற்றிக்கொண்டு நடந்தது. கல்யாணமாகி இருபது வருஷமாகப் புருஷனோடு ஒரு வார்த்தை சிரித்துப் பேசாத பெண்களெல்லாம் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, அலை வருது, கையப் புடிங்க" என்று கத்தினார்கள். நாங்களும் பிடித்தோம். ரியல் எஸ்டேட் பூபாலன் தன்னுடைய ஏரிக்கரை நகர் பலகையை ஒரே ராத்திரியில் மாற்றி, கடலழகு நகர் என்று எழுதி, பக்கத்தில் இரண்டு தென்னைமரத்தையும் வரைந்துவிட்டார். ஆகக்கூடி ஊருக்கே கொண்டாட்டம். இதில் நஷ்டம் யாருக்கு என்று கேட்டால், ஒரே ஒருத்திக்கு.

தேசம்மாள் காலனிக்காரி. காலனி எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான், ரொம்பப் பக்கமில்லை. ஏரியின் மேற்கு மூலையில், கடைமடைக்கும் கீழே. ஒரு காலத்தில் அந்த ஏரித் தண்ணீரில் கண்ணுக்கெட்டிய மட்டும் நெல் விளைந்தது. நாங்கள் எல்லோரும் நிலத்தைப் பூபாலனுக்கு விற்று, அவர் அதில் நம்பர் கல் நட்டு மனை போட்டு, கடைசியில் ஏரிக்குக் கீழே மிச்சமிருந்த ஒரே பயிர் தேசம்மாளின் முக்கால் ஏக்கர். பூபாலன் அவளிடமும் போய்க் கேட்டார். "வித்துட்டு சோத்துக்கு என்ன, உங்க கல்லையா வடிச்சித் திங்கறது?" என்றாளாம். அவளும் புருஷனும் இரண்டு பெண்பிள்ளைகளும் வருஷம் முழுக்கத் தின்கிற நெல் அது. ஆக, அவ்வளவு பெரிய கரை, மதகு, கலங்கல் எல்லாம் இப்போது ஒரே ஒரு பொம்பளைக்காக. ஆனாலும் நாங்கள் முறை தவறியதில்லை. மேல்மடைக்கு முதல் தண்ணீர், கடைமடைக்குக் கடைசித் தண்ணீர் என்பது ஆதிநாள் முதல் உள்ள முறை. மேல்மடை மனையாகிவிட்டது என்பதற்காக முறையை மாற்றிவிட முடியுமா? ஒவ்வொரு வருஷமும் மடை திறந்ததும் முதலில் நம்பர் கற்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுவோம். கல்லெல்லாம் நன்றாக நனைந்து, மனைக்குள் தவளை கத்த ஆரம்பித்த பிறகுதான் தேசம்மாளுக்கு. ஏன் என்று அவள் கேட்கும்போதெல்லாம் "முறைய மாத்தக் கூடாதும்மா" என்று பொறுமையாகவே சொல்லியிருக்கிறோம்.

அந்த மார்கழியில் அவள் கதிர் பால் பிடிக்கிற பருவம். இன்னும் ஒன்றிரண்டு தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் பதர். அவள் மதகில் கசிகிற தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டு, நேரே டீக்கடைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில்தான் நின்றாள். எங்கள் கடையில் உள்ளே வரக் கூடாதென்று யாரும் சொன்னதில்லை, அவர்களே வருவதில்லை.

"ஐயா, ஏரித் தண்ணி உப்பாயிடுச்சி. அந்த வாத்து போனாத்தான் கடலும் போவும். அத்த ஓட்டி வுடுங்க, புண்ணியமா போவும். எம் பயிரு காயுது" என்றாள்.

"ஓட்டலாம் தேசம்மா" என்றார் சம்பந்தம், டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு. "ஆனா யாருன்னு தெரியாம எப்படி ஓட்டறது? பெரிய இடமா இருந்துட்டா? நாளைக்கு மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சிக்கிறது?"

"ஓட்டறதா!" என்று எழுந்தே விட்டார் பூபாலன். "கடலக் காட்டி ஆறு மனைக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன், தெரியுமா?"

"அப்ப எம் பயிரு?"

"முதல்ல அது யாரு என்னன்னு விசாரிப்போம். நம்ம ஊரு வழக்கம் ஒண்ணு இருக்குதில்ல? விசாரிச்சதும் முடிவு பண்ணிடலாம். ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்கணும்" என்றார் சம்பந்தம்.

நியாயமான பேச்சு. நானும் தலையாட்டினேன். அவள் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மெதுவாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

விசாரணை ஆரம்பமாயிற்று. வாத்துக்கு உடம்பு கன்னங்கரேல். நெற்றியில் பளிச்சென்று ஒரு வெள்ளை, பிடரியில் இன்னொரு வெள்ளை. மூக்கு ஒரு மாதிரி புடைத்து, அதில் ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று எல்லாக் கட்சிக்கும் கொஞ்சம் கொஞ்சம் நிறம். கண் வெள்ளைவெளேர். கரையின் வடக்குப் பக்கம் நின்று பார்த்தவர்கள் நெற்றியில் இருப்பது நாமம் என்று சத்தியம் செய்தார்கள், தெற்குப் பக்கம் நின்று பார்த்தவர்கள் திருநீறு என்று கற்பூரம் அடித்தார்கள், இரண்டு பக்கமும் சமாதானமாகாமல் ஒரு நாள் சுண்டல் பொட்டலத்தால் அடித்துக்கொண்டார்கள். கோயிலில் அதன் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்யலாமென்றால் கோத்திரம் தெரியாமல் குருக்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார்.

"நல்லா கவனிங்க" என்பார் சம்பந்தம், கரைமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து. "நம்ம நாமக்கோழி, நீர்க்காகம் எதோடயாச்சும் ஒட்டுதா பாருங்க. ஒட்டல. தனியாவே இருக்குது. பெரிய எடத்துப் பழக்கம். ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி முழுகுது பாருங்க. ஆசாரம். முழுகி எழுந்தா வாயில ஒண்ணும் இல்ல. அடியில பாசி கீசி சாப்புடுதோ என்னமோ, நிச்சயம் சுத்த சைவம்."

ஆனாலும் நேரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே முறை என்று, மீன் குத்தகைக்காரரின் படகில் சம்பந்தத்தையும் என்னையும் என் பாட்டரி மைக்கையும் ஏற்றி அனுப்பினார்கள். மைக்கை ஒரு கையிலும் படகை மறு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சம்பந்தம் வாத்துக்குப் பக்கத்தில் போய் வணக்கம் சொல்லி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பிக்கு சொந்த ஊரு எது?" என்றார். கரையில் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. வாத்து அந்த வெள்ளைக் கண்ணால் பார்த்தது. "ஊர்ல எந்தத் தெரு?" பார்த்தது. "குலசாமிக்கு என்ன படைப்பீங்க? தாய்மாமனை என்னன்னு கூப்புடுவீங்க?" அது டபக்கென்று முழுகிவிட்டது. சம்பந்தத்தின் ஜன்மத்தில் பதில் கிடைக்காத விசாரணை அது ஒன்றுதான். அவருக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

அதற்குப் பிறகு பதிலுக்காக யாரும் காத்திருக்கவில்லை. எல்லாச் சங்கமும் தங்கள் ஆள்தான் அது என்று தட்டி வைத்துவிட்டன. தட்டியில் வாத்துக்குத் தங்கக் கிரீடம், இடுப்பில் வாள், பின்னால் சிங்கம். கீழே, எங்கள் குலக்கொழுந்தே வருக வருக. ஒரே வாத்து பதினோரு குலத்துக்குக் கொழுந்தாக இருந்தது.

இதற்கு நடுவில் மெட்ராஸிலிருந்து மிருணாளினி என்று ஒரு பெண் வந்தாள், பறவை பார்க்கிறவளாம். முழங்கை நீளக் கேமராவில் கண்ணை வைத்தவள் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுதாள் பாவம். டீக்கடைக்கு வந்து, "இது சர்ஃப் ஸ்கோட்டர்ங்க. ஆண். அமெரிக்கா பக்கம் குளிர்க் கடல்ல இருக்கிற கடல்வாத்து. இங்க வந்ததா நான் கேள்விப்பட்டதே இல்ல" என்றாள். துவைக்கிற பவுடரையும் ஓட்டுகிற வண்டியையும் சேர்த்துவைத்த மாதிரி ஒரு பெயர். நாங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டோம்.

"பேரு தெரிஞ்சிது, ரொம்ப சந்தோஷம்" என்றார் சம்பந்தம். "என்ன ஆளுங்க?"

"ஆளா? பறவைங்க அது."

"பறவைதாம்மா. பறவையில என்ன ஆளு?"

வாசலில் பயிருக்காக மறுபடியும் முறையிட வந்து நின்றிருந்த தேசம்மாள்தான், "அது என்னாம்மா திங்கும்?" என்று கேட்டாள்.

"சிப்பி, நத்தை. அதுக்குத்தான் முழுகுது" என்றாள் மிருணாளினி.

"அதெல்லாம் புஸ்தகத்துல இருக்கும். இங்க வந்து சைவந்தான்" என்று சம்பந்தம் அந்தப் பேச்சை வெட்டிவிட்டு, "அது கெடக்கட்டும், உங்களுக்கு சொந்த ஊரு எதும்மா? மிருணாளினின்னு பேரு வெச்சிருக்காங்களே, அப்பா என்ன பண்றாரு? வீட்ல மாமாவை என்னன்னு கூப்புடுவீங்க?" என்று அன்பாக ஆரம்பித்தார். அந்தப் பெண் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். படித்தவர்களுக்குக் கலகலப்பாகப் பேசவே தெரிவதில்லை.

தேசம்மாள் அன்றைக்கு எதுவும் முறையிடாமல் திரும்பிப் போனதை நான் கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் போய், காய்ந்துகொண்டிருந்த தன் வயல் வாய்க்காலில் மிச்சமிருந்த சேற்றுக்குள் கையைவிட்டு நத்தை பொறுக்கியிருக்கிறாள்.

இரண்டொரு நாள் கழித்து, விடிந்தும் விடியாத நேரத்தில் கரையில் நடக்கப்போன சம்பந்தம், துண்டு தோளில் இல்லாமல், ஒரு காலில் மட்டும் செருப்போடு டீக்கடைக்கு ஓடிவந்தார்.

"தெரிஞ்சி போச்சு" என்றார். "என்ன ஆளுன்னு தெரிஞ்சி போச்சு."

"என்ன ஆளு, என்ன ஆளு?" என்று எல்லோரும் பெஞ்சைவிட்டு எழுந்தோம்.

"காலனியில, தேசம்மா வாசல்ல, அவ கையாலயே நத்தை வாங்கித் தின்னுட்டு நிக்குது."

டீக்கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, யாரும் இறக்கவில்லை. பிறகு ஒருத்தர் சொன்னார், "எனக்கு அப்பவே தெரியும். அந்தக் கண்ணப் பாத்தப்பவே நெனச்சேன்." இன்னொருத்தர், "நடையே சரியில்லையே" என்றார். நாமம் என்று சத்தியம் செய்தவரும் திருநீறு என்று கற்பூரம் அடித்தவரும் அது வெறும் பூஞ்சைக்காளான் என்று முதல்முறையாக ஒத்துப்போனார்கள். நத்தை தின்கிறவர்களைப் பற்றி எங்களுக்கு ஒரு தப்பான எண்ணமும் கிடையாது. அதை அந்த வாசலில் தின்றிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மதியத்துக்குள் பதினோரு தட்டிகளும் இறங்கி ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாயின. மனை வாங்க வந்தவர்கள் கடலைப் பார்க்காமல், "இந்தக் கடல் யாருதுங்க?" என்று பூபாலனைக் கேட்டுவிட்டு அட்வான்ஸைத் திருப்பி வாங்கினார்கள். அலையில் கால் நனைத்தவர்கள் எல்லோரும் தலைமுழுக வேண்டும் என்று குருக்கள் சொல்லிவிட்டார். கால் நனைக்காதவன் ஊரில் எவன் இருக்கிறான்?

"குணாளா" என்றார் சம்பந்தம், "உங்கிட்ட எத்தினி குழாய் இருக்குது?"

"எத்தினி வேணும்?"

"இருக்கறதெல்லாம் கட்டு. ஏரியப் பாக்கத் திருப்பி வை."

"என்ன பாட்டு போடட்டும்?"

"எதுவா இருந்தா என்ன? சத்தமா இருக்கணும்."

மறுநாள் காலை நான் வயரை இழுத்துக்கொண்டு கரையெல்லாம் குழாய் கட்டி, கடைசிக் குழாயைக் கட்ட மேற்கு மூலைக்கு, காலனி ஓரமாக இருக்கிற புளியமரத்துக்குப் போனேன். அங்கிருந்து தேசம்மாள் வாசல் தெரியும், பேச்சும் கேட்கும். அவள் குந்தி உட்கார்ந்து, அலுமினியச் சட்டியிலிருந்து ஒவ்வொரு நத்தையாக எடுத்துக் கையில் வைத்து நீட்ட, அந்தக் கடல்வாத்து ஈர முதுகோடு நின்று கொத்திக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் பார்த்தால் சின்னதாகத்தான் இருந்தது.

"தின்னு, தின்னு" என்றாள் அவள். "எதுக்குப் போடறேன்னு தெரிஞ்சா எங் கையையே கொத்திப் புடுங்குவ. இந்த வாசல்ல நீ ஒரு வாய் தின்னா போதும், உன்ன இந்த ஊருல இருக்க வுட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் போட்டேன். அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வேல அதான். எனக்கு வேற வழி தெரியல சாமி, எம் பயிரு பதராப் போவுது." முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள். வாத்து சட்டிக்குள் தலையை விட்டது.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவள் சொல்லியா நாங்கள் ஓட்டுகிறோம்? கூடி உட்கார்ந்து பேசி, நாங்களாக எடுத்த முடிவல்லவா அது? நான் மரத்தில் வயரை முறுக்கினேன். அவள் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"மைக்செட்டுக்காரரே" என்றாள், "செத்த இருங்க. இன்னம் ரெண்டுதான் கெடக்குது. தின்னு முடிக்கட்டும்."

இருந்தேன். அவசரப்பட எனக்கு என்ன இருக்கிறது? அது தின்று முடித்து, மூக்கை மண்ணில் இப்படியும் அப்படியும் துடைத்துக்கொண்டு, ஆடி ஆடி நடந்துபோய்த் தண்ணீரில் இறங்கிய பிறகுதான் சுவிட்சைப் போட்டேன். கையில் கிடைத்தது கல்யாண கெட்டிமேள ரெக்கார்டு. அத்தனை குழாயும் ஒரே நேரத்தில் வெடித்ததும் அய்யனார் குதிரையே மிரண்டது போலிருந்தது. வாத்து கரைப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது, பிறகு தண்ணீர்மேல் ஓடி ஓடி எழும்பி, இறக்கையில் விசில் போல ஒரு சத்தத்தோடு கிழக்கே போயிற்று. அது போகப்போகக் கடலும் அதன் பின்னாலேயே, பாயைச் சுருட்டினதுபோல, அலையைச் சுருட்டி, நுரையைச் சுருட்டி, உப்பைச் சுருட்டி, சங்கராவையும் கிழங்கானையும் உள்ளே வைத்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. பின்னால் எங்கள் பழைய ஏரி, பாசியும் விராலுமாக, ஒன்றும் நடக்காததுபோலக் கிடந்தது. குதிரைக்காரனின் குதிரை முழங்கால் ஈரத்தோடு நடுவில் நின்று முழித்தது.

ஊரே வீட்டுக்கு ஓடித் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்த நேரம் அது. மதகுப் பக்கம் ஒரு குஞ்சு குளுவான் இல்லை. தேசம்மாள் தனியாகவே போய், மதகுத் திருகைத் திருகி, தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, தன் வயலுக்கு நேராகத் திருப்பிவிட்டாள். அந்தத் தடவை நம்பர் கற்களுக்குத் தண்ணீர் இல்லை. ஈரத் தலையோடு வந்து பார்த்த நாங்கள் சத்தம் போட்டோம், அதற்குள் அவள் பயிர் குடித்து முடித்துவிட்டது.

பிறகுதான் வந்தது வினை. சுண்டல்காரன் போனான், பலூன் பலகை போயிற்று, பஸ் கண்டக்டர் எங்கள் ஊரில் விசில்கூட ஒழுங்காக ஊதுவதில்லை. சாயந்தரமானால் பெண்கள் கணுக்காலைப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்கள், என் மனைவி கையை நான் பிடித்தால் "என்ன, அலையா வருது?" என்று உதறினாள். கொஞ்சம் கொஞ்சமாக எனக்குள் ஒரு சந்தேகம் முளைத்தது. பசித்தவன் எந்த வாசலிலும் தின்னத்தானே செய்வான்? தின்றதை வைத்து எப்படி முடிவு கட்டினோம்? வாயைத் திறந்து அது ஒரு பதில்கூடச் சொல்லவில்லையே. ஒருவேளை, சொல்லவே கூசுகிறது, ஒருவேளை அது எங்கள் ஆளாக இருந்துவிட்டால்? குழாயைக் கட்டினவன் நானாச்சே! இந்த நினைப்பு வந்த பிறகு எனக்குக் கெட்டிமேளம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

தை பிறந்து தேசம்மாள் நெல்லடித்துக்கொண்டிருந்தபோது, வேறு வேலையாகப் போகிறவன்போல அவள் களத்துப் பக்கம் போனேன். நெல் குவிந்திருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன், பதரே இல்லை. என்னைக் கண்டதும் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தேசம்மா" என்றேன். "ஒண்ணு கேக்கணும். அந்த வாத்து... போறதுக்கு முன்னாடி உங்கிட்ட ஏதாச்சும் சொல்லிச்சா?"

"சொல்லாம போவுமா? தின்ன வீடாச்சே."

"என்ன சொல்லிச்சு?"

"நானும் உங்கள மாதிரிதாங்க விசாரிச்சேன். எந்த ஊரு, எந்தத் தெரு, குலசாமி எது, மாமன என்னன்னு கூப்புடுவ, எல்லாம் கேட்டேன்."

"பதில் சொல்லிச்சா?"

"உங்ககிட்டதான் சொல்லல. எங்கிட்ட ஒண்ணு வுடாம சொல்லிச்சி."

அவள் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, ஒரு அடி கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"உங்க ஆளுங்கதாங்க."

நான் அப்படியே நெல்குவியல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. "எனக்குத் தோணிச்சு, தேசம்மா. அந்த நெத்தியப் பாத்தப்பவே தோணிச்சு. பாவி நான், கெட்டிமேளம் போட்டு அனுப்பிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "கோவமா போச்சா?"

"வருத்தமாத்தான் போச்சு. அடுத்த மார்கழிக்கு வந்தாலும் வரேன்னிச்சி."

"வந்தா நம்மளப் பத்தி ரெண்டு வார்த்த நல்லதாச் சொல்லு. இத வெளியில மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாத."

"நான் யாருகிட்டங்க சொல்லப் போறேன்?" என்று அவள் முறத்தை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

திரும்பி வரும்போது ஒற்றையடிப் பாதையில் பூபாலன் எதிரே வந்தார். "சும்மா, நெல்லு வெல கேக்கலாம்னு" என்றார், நான் கேட்காமலே. முந்தின நாள் சம்பந்தத்தின் வேட்டியில் அந்தக் களத்து மண்ணைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அவருக்குக் காலனிப் பக்கம் என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வருஷம் மடை திறப்புக்குக் கூட்டம் போட்டபோது, என்ன வந்தாலும் வரட்டுமென்று நான் எழுந்து, முதல் தண்ணீர் தேசம்மாளுக்கு விடலாமே என்றேன். அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன். அதற்குள் சம்பந்தம், "அதான் நியாயம்" என்று முந்திக்கொண்டார். பூபாலன், "கல்லுக்கு எதுக்குங்க தண்ணி?" என்றார். குருக்கள் சாஸ்திரத்திலேயே இருக்கிறது என்றார். பதினோரு சங்கமும் கை தூக்கியது. எங்கள் ஊரில் திடீரென்று எல்லோருக்கும் இவ்வளவு நல்ல மனசு எங்கிருந்து வந்ததென்று எனக்கு ஆச்சரியம். என் காரணம் எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு என்ன கேடு?

இப்போது மறுபடியும் மார்கழி. பனி இறங்குகிற காலையில் நான் கரைக்குப் போகிறேன், வாக்கிங் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். கையில் ஒரு மஞ்சள் பை. கரையில் பூபாலன் நிற்கிறார், குருக்கள் சால்வை போர்த்திக்கொண்டு நிற்கிறார், சம்பந்தம் நாற்காலி இல்லாமல் நிற்கிறார். ஆளுக்கொரு பை. எல்லோரும் கிழக்கே வானத்தைப் பார்த்துக்கொண்டு, பத்தடி தள்ளித் தள்ளி நிற்கிறோம். பையில் என்ன என்று யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. ஓலைப்பாக்கத்தில் இப்படி ஒரு காலம் வருமென்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இன்று காலை சம்பந்தத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்க நேர்ந்தது. அவர் பையின் வாயில் ஒரு நத்தை மெள்ளத் தலையை நீட்டி, கொம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிற்று. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"பனி ஜாஸ்தியா இருக்குதில்ல?" என்றார்.

"ஆமா" என்றேன், என் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

கீழே கடைமடையில் முதல் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.